சதுரங்கப் பலகையும் போக்கர் மேசையும்

ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதை ஆராய்ந்தோர் பலர். எவ்வாறு விளையாடுகிறது என்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. விளையாட்டு வெறும் பொழுதுபோக்குத்தானே, அதில் இலக்கிய ஏடொன்று அக்கறை கொள்வதற்கு என்ன இருக்கிறது என வினவுவோரும் உளர். ஆனால் ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது, அந்த ஓய்வைக்கொண்டு யார் இலாபமடைகிறார், ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் எத்தகைய உறவில் அமர்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதுமே, விளையாட்டும் சமுதாய ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிடுகிறது.

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைப் பிரதேசத்திலும் வாழ்வோருக்கு இந்த ஆராய்ச்சி அந்நியமானதன்று. திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, கிங்ஸ்வூட் முதலிய நகரத்துப் பெரிய கல்லூரிகளில் சதுரங்கம் மதிப்புள்ள ஆட்டமாக நிலைபெற்றிருக்கிறது. அதே நகரத்தில் குதிரைப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடைகளும், தெருவோரத்து லொத்தர்க் கூடுகளும் உள்ளன. எழுபது மைல்களுக்கு அப்பால் கொழும்பிலோ சூதாட்ட விடுதிகள் ஓங்கி நிற்கின்றன. 2010இல் இவ்விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் சூதாட்டத்தை மேற்பார்வை செய்யத் தனியொரு அதிகாரசபையை அமைக்கும் சட்டமூலம் நிறைவேறியது. அதே மாதத்தில் கொழும்பில் மிகப் பெரியதொரு புதிய விடுதியும் திறக்கப்பட்டது. இவ்விடுதிகளின் மேசைகளில் ஆடப்படும் போக்கர் என்னும் சீட்டாட்டம் இன்று தன்னைச் சூதாட்டம் என்று அழைத்துக்கொள்வதில்லை. அது மூளைக்குரிய விளையாட்டு, சதுரங்கத்தின் உடன்பிறப்பு என்று அதன் ஆதரவாளர் கூறுகின்றனர். இந்த உறவுமுறை மெய்தானா என்பதே நம் முன்னுள்ள வினா.

இவ்வினா நமக்கு அண்மையில் ஒருமுறை பகிரங்கமாக எழுப்பப்பட்டது. அது தமிழ்நாட்டில், 2022ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, உக்ரேன் யுத்தத்தின் காரணமாக இடம்மாறித் தமிழ்நாட்டை வந்தடைந்தது. தமிழ்நாட்டு அரசு 90 கோடிக்கு மேற்பட்ட இந்திய ரூபாவை அதற்கென ஒதுக்கியது. பொதுப் பிரிவில் 188 அணிகளும் பெண்கள் பிரிவில் 162 அணிகளும் ஆடின. இலங்கை அணிகளும் சென்றிருந்தன. பாலஸ்தீன அணியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்து ஆடினாள். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும், பெண்கள் பிரிவில் யுத்தத்தின் நடுவிலிருந்து வந்த உக்ரேனும் தங்கம் வென்றன. வேட்டி கட்டிய குதிரையொன்று ‘தம்பி’ என்ற பெயருடன் அவ்விழாவின் சின்னமாயிற்று.

அதே ஆண்டு, அதே அரசு, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ரம்மியையும் போக்கரையும் தடைசெய்ய முற்பட்டது. கடனில் மூழ்கியோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்ததையடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்டோபரில் சட்டமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் பெறவேண்டியதாயிற்று. ஆட்டக் கும்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆயினும் ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்களாதலின் அவற்றுக்கு அத்தடை பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது.

சட்ட நுணுக்கத்தை நீதிமன்றங்களுக்கு விட்டுவிடுவோம். வாதத்தின் அடிப்படையை மட்டும் நோக்குவோம். ஓர் ஆட்டத்தில் திறமை மிகுதியா, அதிர்ஷ்டம் மிகுதியா? திறமை மிகுந்தால் அது விளையாட்டு. அதிர்ஷ்டம் மிகுந்தால் அது சூது. இவ்வளவுகோலை ஏற்றுக்கொண்டால் போக்கரை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆட்டக்காரருக்கு மறைவாக இரண்டு சீட்டுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள். இவற்றைக்கொண்டு எதிரியின் கையை ஊகிக்கவும், நிகழ்தகவைக் கணக்கிடவும், தன் முகத்தைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். இதற்குக் கூர்மையான மூளை தேவை. சதுரங்கத்தில் பெயர்பெற்ற அலெக்ஸாண்டர் கிரிஷ்சுக் போக்கரிலும் ஈடுபட்டவர். 1995இல் லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் தொடரை வென்ற டான் ஹாரிங்டன் சதுரங்கத்தில் மாஸ்டர் பட்டம் பெற்றவர். ஒரே மூளை இரு மேசைகளிலும் வெல்லுமாயின், திறமையின் அளவைக் கொண்டு அவ்விரு மேசைகளையும் வேறுபடுத்த முடியாது.

ஆகவே அளவுகோலையே மாற்றவேண்டியிருக்கிறது. வென்றவன் பெறும் பணம் எங்கிருந்து வருகிறது? இதுவே கேட்கவேண்டிய கேள்வி.

போக்கர்ப் போட்டியின் பொருளாதாரம் மிக எளிமையானது. உலகப் போக்கர் தொடர் 1970இல் லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதி முதலாளியால் தொடங்கப்பட்டது. அதன் தலைமைப் போட்டியில் அமர்வதற்கு 1972 முதல் 10,000 டொலர் கட்டவேண்டும். அவ்வாறு எல்லாரும் கட்டிய பணமே பரிசு நிதி. அதிலிருந்து விடுதி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதை ஆட்டக்காரருள் சிறு பகுதியினர் பகிர்ந்துகொள்கின்றனர். பெரும்பாலோர் வெறுங்கையோடு எழுந்து செல்கின்றனர். புதிதாக எதுவும் அங்கே உற்பத்தியாவதில்லை. ஒருவருடைய பை நிறைவது இன்னொருவருடைய பை காலியாவதால்தான். ஆனால் மேசையை வைத்திருப்பவர் மட்டும் எந்த நாளும் தோற்பதில்லை. சீட்டு யாருக்கு எப்படி விழுந்தாலும் அவருடைய பங்கு முதலிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

10,000 டொலர் என்பது மலையகத்தின் கணக்கில் எவ்வளவு? 2021இல் நீண்ட போராட்டத்தின்பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என விதிக்கப்பட்டது. அன்றைய நாணயமாற்றில் அது ஏறக்குறைய 5 டொலர். ஹந்தானையிலோ கலஹாவிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண் லாஸ் வேகாஸின் அந்த ஓர் ஆசனத்திற்கு 2,000 நாட்கள் கூடையைச் சுமக்கவேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும், உண்ணாமல் உடுக்காமல் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் உழைக்கவேண்டும். அதன்பின் சம்பளம் உயர்ந்ததும் உண்டு, 2022இல் ரூபாவின் மதிப்பு சரிந்ததும் உண்டு. கணக்கின் தன்மை மட்டும் மாறிவிடவில்லை.

இதற்கு அவர்கள் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடிய சிறு போட்டியொன்றை வென்று, அதன் வழியாகத் தலைமைப் போட்டியில் நுழைந்து, 838 பேரைக் கடந்து 25 இலட்சம் டொலர் பெற்றார். சாமானியனும் வெல்லலாம் என்பதற்கு அவரே சான்றாகக் காட்டப்பட்டார். விளைவு என்ன? 2006இல் அதே போட்டியில் 8,773 பேர் பணம் கட்டினர். இவ்விடத்தில் வள்ளுவரை நினைவுகூர்தல் பொருந்தும். சூதைக் கண்டிக்கும் 94ஆம் அதிகாரத்தை அவர் தோல்வியின் துயரத்தோடு தொடங்கவில்லை. வெற்றியின் ஆபத்தோடு தொடங்குகிறார். தோற்றவனுடைய கதையைக் கேட்டு யாரும் மேசைக்கு வருவதில்லை. வென்ற ஒருவனுடைய கதைதான் ஆயிரக்கணக்கானோரை இழுத்துவருகிறது. ஆகவே வென்றவனுடைய புகழ்கூட விடுதிக்கே ஊழியம் செய்கிறது.

அத்தொழிலின் உள்ளே இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டுவதற்குப் பணமில்லாத திறமைசாலிக்கு முதலீட்டாளர் ஒருவர் பணம் கொடுப்பார். வென்றால் இலாபத்தில் பங்கு கொள்வார். தோற்றால் நட்டம் ஆட்டக்காரனுடைய பெயரில் எழுதப்படும். அடுத்த வெற்றியில் அந்தப் பாக்கி தீர்ந்தபின்னரே அவனுக்குப் பங்கு. பாக்கியோடு விலகுவதும் எளிதன்று. கண்டிச் சீமையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது பழகிய முறையாகத் தோன்றும். கங்காணியின் முன்பணத்தில் தொடங்கிய கடன், தொழிலாளியின் பெயரில் ‘துண்டு’ச் சீட்டாகத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு அவனோடு சென்றது. 1921இல் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. பட்டினியால் கப்பலேறியவனையும் விரும்பி மேசையில் அமர்ந்தவனையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் இரண்டிலும் கணக்குப் புத்தகம் ஒரே வகையில்தான் எழுதப்படுகிறது.

இனிச் சதுரங்கத்தின் பக்கம் திரும்புவோம். இங்கே பலகையின் மீதுள்ள யாவும் இருவர் கண்ணுக்கும் தெரிகின்றன. மறைத்துவைக்க ஒன்றுமில்லை. முறைப்படியான போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆட்டக்காரர் எழுதிவைக்கவேண்டும் என்பது விதி. அந்த ஏடு பின்னர் அச்சேறுகிறது. கொழும்பில் ஆடிய ஆட்டத்தை மாத்தளையிலுள்ள ஒரு மாணவி மறுநாள் தன் பலகையில் மீண்டும் நகர்த்திப் பார்க்கலாம். அதற்காக யாரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் அருகருகே அமர்ந்து, எங்கே பிழைத்தது, வேறு வழி இருந்ததா என்று ஆராயும் வழக்கம் சதுரங்க உலகத்தின் மிக உயர்ந்த பண்பாடு. தோல்வி அங்கே இருவருக்கும் பொதுவான அறிவாக மாறுகிறது.

போக்கரில் இதற்கு இடமில்லை. எதிரிகள் யாவரும் விலகிக்கொண்டால் வென்றவர் தம் சீட்டைக் காட்டவேண்டியதில்லை. அவர் பொய் காட்டி வென்றாரா, மெய்யாகவே பலமான சீட்டு வைத்திருந்தாரா என்று அறிய விரும்புபவர் பணம் வைத்தே அறியவேண்டும். அறிவு அங்கே தனியுடைமை. ஓர் ஆட்டத்தில் கற்றதை எதிரிக்குச் சொல்லிக் கொடுப்பவன் தன் நாளைய வருமானத்தை இழக்கிறான். ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நம் வாசகர்களுக்கு இவ்வேறுபாட்டின் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் சதுரங்கம் புனிதமானது, சீட்டு பாவமானது என்ற ஒழுக்கப் பிரசங்கமாக இக்கட்டுரை முடிந்துவிடும். உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

சதுரங்கம் அரசர் அவையில் வளர்ந்த ஆட்டம். இலங்கை வேந்தன் இராவணனின் மனைவியே இதைப் படைத்தாள் என்ற செவிவழிச் செய்தியை வில்லியம் ஜோன்ஸ் 1790இல் வெளியான தம் கட்டுரையில் பதிவுசெய்தார். நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருப்பூவனூர்த் தலபுராணமோ, சிவபெருமான் சதுரங்கத்தில் வென்று இளவரசியை மணந்ததாகக் கூறுகிறது. கதைகளிலும் அது அரண்மனையைவிட்டு வெளியே வரவில்லை. 1936இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய பிரேம்சந்த், 1924இல் எழுதிய ‘சதுரங்க ஆட்டக்காரர்கள்’ என்ற சிறுகதையில் இந்த ஆட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். 1856இல் ஆங்கிலக் கும்பனி அவத் இராச்சியத்தை விழுங்கும்போது, லக்னோவின் இரு பிரபுக்கள் பலகையைவிட்டுத் தலைநிமிரவில்லை. அங்கே பணயம் எதுவும் இல்லை, திறமை நிறைய இருந்தது, நாடு போயிற்று. சத்யஜித் ராய் 1977இல் இதைத் திரைப்படமாக்கினார். பாரதி 1912இல் வெளியிடத் தொடங்கிய பாஞ்சாலி சபதத்தில் தருமன் நாட்டைப் பணயம் வைக்கிறான். பிரேம்சந்தின் பிரபுக்கள் நாட்டை மறந்தே இழக்கிறார்கள். சூது கெடுப்பதுபோலவே, உழைப்பிலிருந்து பிரிந்த ஓய்வும் கெடுக்கும் என்பதற்கு இக்கதை சான்று.

சுல்தான் கானின் வாழ்க்கை இன்னொரு சான்று. பஞ்சாபின் நிலப்பிரபு உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் லண்டன் சென்ற அவர், அவ்வாண்டிலும் 1932இலும் 1933இலும் பிரித்தானியச் சாம்பியனானார். உலகப் புகழ்பெற்ற கப்பபிளாங்காவையும் வென்றார். பிரபு நாடு திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. 1966இல் காலமான அவருக்குச் சர்வதேசச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல். பலகையின் மீது இரு பக்கத்தாருக்கும் பதினாறு காய்கள் என்ற சமத்துவம், பலகைக்கு வெளியே அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சமத்துவத்தைப் பலகைக்கு வெளியே கொணர முயன்ற வரலாறும் உண்டு. 1920களில் சோவியத் அரசு சதுரங்கத்தைத் தொழிலாளர் கழகங்களுக்குள் கொண்டுசென்றது. 1925இல் மாஸ்கோவில் அரசின் செலவிலேயே சர்வதேசப் போட்டி நடந்தது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய கிரிலெங்கோ 1938இல் அதே அரசினால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் மறைக்கலாகாது. எனினும் பொதுப் பணத்தில் விளையாட்டு என்ற கொள்கை பலன் தந்தது. 1948 முதல் 1972 வரை உலகச் சாம்பியன் பட்டம் சோவியத் நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. அதன் கிளையொன்று நம் மொழி பேசும் நகரத்திலும் ஊன்றப்பட்டது. 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதனோடு இணைந்து உழைத்தார். அங்கே சிறுவனாக ஆடிய விசுவநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். தமிழ்நாட்டின் சதுரங்கப் பெருமை தனிமனித மேதைமையால் மட்டும் விளைந்ததன்று. யாரும் நுழையக்கூடிய ஒரு மண்டபமும், அங்கிருந்த பலகைகளும் அதற்கு நிலம் பண்படுத்தின.

இன்று அந்த நிலமும் விலைபேசப்படுகிறது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் உலகச் சாம்பியனான குகேஷ், தகப்பனார் தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு உடன் அலைந்ததாலேயே அவ்விடத்தை அடைய முடிந்தது. அப்போட்டியின் பரிசு நிதி 25 இலட்சம் டொலர். அது தோற்றவரின் பையிலிருந்து எடுக்கப்பட்டதன்று. தோற்ற டிங் லிரெனும் அதில் பங்கு பெற்றார். ஆனால் அந்த மேசைவரை செல்வதற்கான செலவைக் குடும்பங்கள் சுமக்கின்றன. பயிற்சியாளருக்குக் கட்டணம், பயணத்திற்குச் செலவு, சாதாரணத் திறந்த போட்டிகளுக்கும் நுழைவுப் பணம் என்று இவை பெருகப் பெருக, சதுரங்க அரங்கின் வாயிலிலும் ஒரு காசாளர் வந்து அமர்ந்துவிடுகிறார்.

குற்றம் சீட்டுக்கட்டிலும் இல்லை. நம் நாட்டுத் தமிழர் இளைப்பாறும் இடங்களில் ஆடப்படும் 304 என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர் இரு அணியாக அமர்ந்து, பங்காளியின் கையை ஊகித்து, துரும்பை மறைத்துவைத்து ஆடுகிறார்கள். ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. இராசாவுக்கு 3, இராணிக்கு வெறும் 2. மறைவும் ஊகமும் அதிர்ஷ்டமும் போக்கரில் உள்ளவைபோலவே இதிலும் உண்டு. ஆயினும் மரணவீட்டிலும் கலியாணவீட்டிலும் இரவு முழுவதும் அது ஆடப்படும்போது, தோற்றவன் கேலிக்கு ஆளாவானேயன்றிக் கடனாளியாவதில்லை. போக்கரையும் இவ்வாறு ஆடலாம். அணிகளாகப் பிரிந்து, ஒரே சீட்டுகளைப் பல மேசைகளிலும் வழங்கி, சொந்தப் பணம் வைக்காமல் ஆடும் முறை ஒன்று உண்டு. அதை நடத்தும் சம்மேளனத்திற்கு 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்பு பார்வையாளர் தகுதி அளித்தது. விளையாட்டு என்று உரிமை கோருவோர் இவ்வழியே செல்லலாம். சூதாட்ட விடுதி இவ்வழியில் போகாது. ஏனெனில் அதன் பங்கு பணயத்திலிருந்தே வருகிறது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடைக்குரியதாக்கியது. கேள்வி சரியான திசையில் நகர்ந்திருக்கிறது. நம் நாட்டில் நிலைமை வேறு. 1889ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ்த் தெருவோரத்தில் காசு வைத்து ஆடுபவன் பொலிசாரிடம் அகப்படுகிறான். மாடமாளிகையில் ஆடுபவன் வரி செலுத்தும் விருந்தாளியாகிறான். பேராதனை மாணவருக்குக் கிடைக்கும் மகாபொல உதவிப்பணத்தில் ஒரு பகுதிகூட அபிவிருத்தி லொத்தர்ச் சபையின் வழியாக வந்ததே. கூலிக்காரனின் கனவில் கிள்ளி எடுத்ததைக் கல்விக்குக் கொடுக்கும் இவ்வேற்பாட்டைப் பற்றி நம் பல்கலைக்கழகத்தார் இன்னும் உரக்கப் பேசவேண்டும்.

கண்டியின் கல்லூரிகளில் உள்ள சதுரங்கப் பலகைகள் ஹந்தானைத் தோட்டத்துப் பாடசாலையையும் ஹேவாஹெட்டைப் பாடசாலையையும் அடையவேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் வாரத்தில் ஒரு பிற்பகலும் போதும். மாவட்டப் போட்டிகளில் தோட்டப் பிள்ளைகளிடம் நுழைவுப் பணம் கேட்கலாகாது. பேருந்துச் செலவைப் பொதுநிதியிலிருந்து கொடுக்கவேண்டும். தனிப்பரிசைவிட அணிப்போட்டிக்கு முதலிடம் அளிக்கவேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் நகரத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து அந்த ஆட்டத்தை ஆராயச் செய்யவேண்டும். இவற்றைச் செய்யத் தவறினால் அந்தப் பிள்ளைகளின் ஓய்வு வெறுமையாகக் கிடக்கப்போவதில்லை. லயத்துக் காம்பராவுக்குள் கைத்தொலைபேசி முன்னரே வந்துவிட்டது. அதன் வழியாக மேசையை விரித்துவைத்து அழைப்பதற்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் அதற்கு முந்திக்கொள்ளவேண்டும்.